குடிப்பவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்: ஆலோசனை அறையில் மது, போதைப் பிரச்சினைக்கு உதவுவது எப்படி?

தூக்கம் வரவில்லை என்று ஒருவர் வருவார். மனைவியோடு ஓயாத சண்டை என்று ஒருவர் வருவார். வேலையிடத்தில் கோபத்தை அடக்க முடியவில்லை என்று இன்னொருவர். "குடிக்காக வந்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு கதவைத் தட்டுகிறவர் அபூர்வம். நாலாவது, ஐந்தாவது சந்திப்பில்தான் போத்தல் மெல்லப் பேச்சில் தலைகாட்டும்.

அந்த இடத்தில் நம்மில் பலர் தடுமாறுகிறோம். சிலர் காதில் விழாததுபோல் தாண்டிப் போய்விடுகிறார்கள். சிலர், "முதலில் அதை நிறுத்திவிட்டு வாங்க, அப்புறம் மற்றதைப் பேசலாம்" என்கிறார்கள். சிங்கப்பூரில் தமிழில் ஆலோசனை தரத் தொடங்கிய முதல் சில வருடங்கள் நானும் அதையே சொன்னேன். தானாக நிறுத்த முடிகிறவர் நம் படியேறி வர வேண்டிய அவசியமே இல்லையே! அந்த ஒரு வாசகத்தால் எத்தனை பேர் திரும்ப வராமல் போனார்கள் என்று நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது.

தனியாக அறை வைத்து ஆலோசனை தருபவர்கள், குடும்ப சேவை நிலையங்களில் வேலை செய்பவர்கள், இன்னும் பயிற்சியில் இருப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். இதில் வரும் மனிதர்கள் பல பேரைக் கலந்து உருவாக்கியவர்கள்.

படி 1: ஆள் வருவதற்கு முன்பே

குடியோடு போராடுகிறவருக்கு உதவ உங்கள் அறையில் கட்டில் போட வேண்டியதில்லை. ஆனால் தொலைபேசியில் கூப்பிட்டால் எடுக்கும் ஒரு மருத்துவர் வேண்டும். உங்கள் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் மருத்துவரின் கிளினிக்குக்கு நேரில் போங்கள். "குடியை நிறுத்தும்போது உடம்பில் வரும் சிக்கல்களை நீங்கள் பார்ப்பீர்களா, எந்த நிலையில் மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள்?" என்று கேளுங்கள். இந்தப் பேச்சை நெருக்கடி வருவதற்கு முன்பே முடித்து வைக்க வேண்டும்.

அடுத்து, ஒரு தாளில் எண்களை எழுதி மேசையில் ஒட்டுங்கள். மனநலக் கழகத்தில் 2008 முதல் இயங்கும் போதைச் சிகிச்சைப் பிரிவான நேம்ஸின் உதவி எண் 6732 6837. தற்கொலை எண்ணம் என்றால் 1767. பொதுவான மனநல உதவிக்கு 1771. அவசர வாகனத்துக்கு 995. தமிழில் குடும்ப ஆதரவு வேண்டுமென்றால் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா. வெளிநாட்டு ஊழியர் என்றால் அவர்களுக்கு உதவும் தொண்டு அமைப்பான ஹெல்த்செர்வ்.

இன்னொன்றை முதல் நாளே சொல்லிவிடுவேன். "குடித்துவிட்டு வந்தால் திட்ட மாட்டேன். ஆனால் அன்று பேச்சை வைத்துக்கொள்ளாமல் வேறு நாள் குறித்துத் தருவேன்." அப்படி வந்தவர் வாகனம் ஓட்டாமல் வீடு சேர்வதைப் பார்த்துக்கொள்வதும் நம் வேலைதான்.

படி 2: எல்லாரிடமும் கேளுங்கள், அளந்து கேளுங்கள்

யாரிடம் கேட்பது என்று தேர்ந்தெடுக்காதீர்கள். ஆணா பெண்ணா, வயதானவரா மாணவரா, நெற்றி நிறையத் திருநீறு பூசியவரா என்று பார்க்காமல் எல்லாரிடமும் கேளுங்கள். பெண்களிடம் கேட்கவே நமக்குக் கூச்சம். கேட்காததால் இரண்டு, மூன்று வருடம் தனியாகவே சுமந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"குடிப்பீங்களா?" என்று கேட்டால் "எப்பவாவது" என்ற பதில்தான் வரும். "கடைசியா எப்போ குடிச்சீங்க? அன்னைக்கு என்ன குடிச்சீங்க? எத்தனை?" என்று கேளுங்கள். ஒரு குறிப்பிட்ட நாளைப் பற்றிக் கேட்டால் ஆள் உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடுவார்.

பிறகு கணக்கு. இதை நான் அவர் கண்முன்னே காகிதத்தில் போடுவேன். மில்லிலிட்டரை மதுவின் விழுக்காட்டால் பெருக்கி 100ஆல் வகுத்து, 0.79ஆல் பெருக்கினால் எத்தனை கிராம் மது என்று வந்துவிடும். சிங்கப்பூரில் 10 கிராம் மதுவை ஓர் அளவு என்று எண்ணுகிறோம். ஆண்கள் ஒரு நாளைக்கு 2 அளவுக்கு மேலும் பெண்கள் 1 அளவுக்கு மேலும் போக வேண்டாம் என்பது இங்குள்ள சுகாதார அறிவுரை.

டாக்சி ஓட்டும் ஓர் அண்ணன் இருந்தார், வயது 58. "ரெண்டே ரெண்டு டின்தாம்மா" என்றார். என்ன டின் என்று கேட்டேன். 500 மில்லி, 8 விழுக்காட்டு பீர். ஒன்றில் 31 கிராமுக்குமேல் வருகிறது. இரண்டு டின் என்றால் 6 அளவு! "ரெண்டு" என்று அவர் சொன்னது பொய்யே இல்லை. டின்னை எண்ணினார், அவ்வளவுதான். ஊரில் குவாட்டர் என்கிற 180 மில்லி பிராந்தியும் ஏறக்குறைய இதே கணக்குதான், சுமார் 60 கிராம்.

கணக்கு அங்கே நிற்கவில்லை. ஈரல் ஒரு மணி நேரத்துக்குக் கரைப்பது சுமார் 7 முதல் 10 கிராம். இரவு 11 மணிக்கு இரண்டாவது டின்னை முடித்தவர் காலை 5 மணிக்கு வண்டி எடுக்கும்போது ரத்தத்தில் இன்னும் மது இருக்கலாம். இங்கே வாகனமோட்டிகளுக்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 100 மில்லிலிட்டர் மூச்சுக்கு 35 மைக்ரோகிராம். நான் போட்ட கணக்கைப் பார்த்துவிட்டு அவர் வெகுநேரம் பேசவில்லை. நான் எந்த அறிவுரையும் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

இதோடு உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற 10 கேள்விப் படிவத்தையும் வாய்மொழியாகவே கேட்டு நிரப்புங்கள். மொத்தம் 40 புள்ளி. 8 தொட்டால் கவனிக்க வேண்டும். 20 தொட்டால் உடம்பே மதுவைச் சார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். எண் என்பது பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு. அதையே முத்திரையாக நெற்றியில் குத்திவிடாதீர்கள்.

படி 3: இன்றிரவே நிறுத்தினால் ஆபத்தா?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

என் ஆரம்ப காலத்தில் கட்டுமானத் துறையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி வந்தார். 34 வயது, ஊழியர் விடுதியில் தங்கியிருந்தார். தூக்கம் இல்லை, ஊரில் இருக்கும் மனைவியோடு தொலைபேசியில் தினமும் சண்டை. காலையில் எழுந்ததும் கை நடுங்கும், ஒரு வாய் குடித்தால் நின்றுவிடும் என்றார். அந்த வாக்கியம் எனக்கு என்ன சொல்கிறது என்று அப்போது தெரியவில்லை. "இன்னைக்கு ராத்திரியே விட்டுடுங்க தம்பி, உங்களால முடியும்" என்று தைரியம் சொல்லி அனுப்பினேன். அவர் என் பேச்சை அப்படியே கேட்டார். மறுநாள் மாலை விடுதியில் அவருக்கு வலிப்பு வந்தது. அறையில் இருந்தவர்கள் அவசர வாகனத்தைக் கூப்பிட்டதால் பிழைத்தார். சொன்ன சொல் கேட்ட மனிதருக்கு என் அறியாமை செய்த கேடு அது.

நெடுநாள் தினமும் அதிகமாகக் குடித்த மூளை, மதுவின் அமுக்கத்தைத் தாங்கத் தன்னை முறுக்கேற்றி வைத்திருக்கும். மதுவைச் சட்டென்று எடுத்துவிட்டால் அந்த முறுக்கு அவிழாமல் நிற்கும். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலிருந்தே கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்குக் கடுமையான குழப்பம், இல்லாத பூச்சியைப் பார்ப்பது, காய்ச்சல் என்று முற்றும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும்.

ஆகவே நிறுத்தச் சொல்வதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். காலையில் நடுக்கம் வருமா? அதைப் போக்கக் குடிப்பீர்களா? முன்பு நிறுத்தியபோது வலிப்போ, இல்லாத குரலோ வந்ததா? தூக்க மாத்திரையும் சேர்த்துப் போடுகிறீர்களா? கடைசியாக முழு நாள் குடிக்காமல் இருந்தது எப்போது? கர்ப்பமா?

இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் நிறுத்தும் வேலை மருத்துவர் கையில் நடக்க வேண்டும். அதுவரை, "நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை வழக்கமான அளவைக் கூட்டாமல் இருங்கள்" என்று சொல்லுங்கள். குடிப்பவரிடம் இப்படிச் சொல்ல வாய் வராது. ஆனால் சொல்லியே ஆக வேண்டும். வலிப்பு, குழப்பம், நடை தள்ளாட்டத்தோடு கண் ஒரு பக்கமாக இழுப்பது, இவற்றில் எது வந்தாலும் 995. கடைசியாகச் சொன்னது தயமின் என்ற பி1 உயிர்ச்சத்துக் குறையின் அடையாளமாக இருக்கலாம். தாமதித்தால் நினைவாற்றல் திரும்பி வராமலே போகக்கூடும்.

நம் ஆட்களிடம் இன்னொரு விஷயமும் உண்டு. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர், தீமிதிக்கு நேர்ந்துகொண்டவர், ஐயப்பனுக்கு மாலை போடுபவர் எல்லாரும் விரதம் தொடங்கும் நாளில் பட்டென்று நிறுத்துவார்கள். தினமும் குடிப்பவர் என்றால் விரதத்துக்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

படி 4: போதைப்பொருள் என்றால் சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்

சிங்கப்பூரில் இந்தப் பேச்சை மறைத்து வைக்க முடியாது. தம்மிடம் வருபவர் போதைப்பொருளுக்கு அடிமையானவர் என்று ஒரு மருத்துவர் கருதினாலோ, சந்தேகிக்கக் காரணம் இருந்தாலோ, 7 நாள்களுக்குள் சுகாதார அமைச்சுக்கும் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. மதுவுக்கு இந்த விதி இல்லை. இதைத் தெரியாமல், குடிக்காக மருத்துவரைப் பார்த்தாலே பெயர் பதிவாகிவிடும் என்று பயந்து ஒதுங்குகிறவர்கள் அதிகம். அந்தப் பயத்தைத் தெளிவாகப் போக்குங்கள்.

உங்கள் நிறுவனத்தில் மருத்துவர் இருக்கிறாரா, உங்கள் குறிப்புகளை யார் படிக்கலாம், நீதிமன்றம் கேட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதை எளிய தமிழில் ஒரு பக்கமாக்கி, வந்தவர் வாய் திறப்பதற்கு முன்பே படித்துக் காட்டுங்கள். எல்லாம் சொன்ன பிறகு விதியைச் சொல்வது துரோகம்.

குடியுரிமை பெற்றவர், நிரந்தரவாசி இருவருக்கும் வெளிநாட்டில் உட்கொண்டதும் குற்றமே. மின்சிகரெட்டில் கலந்து வந்த எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தை 2025 செப்டம்பர் 1இல் போதைப்பொருள் சட்டத்தின் சி பிரிவில் சேர்த்தார்கள். பிள்ளையிடம் கேபாட் (எட்டோமிடேட் கலந்த மின்சிகரெட் குப்பி) இருந்தது என்று அழுதுகொண்டு வரும் பெற்றோரிடம், "வெறும் வேப்தானே" என்று ஆறுதல் சொல்லிவிடாதீர்கள்.

ஹெராயின் போன்றவற்றுக்கு வேறு நாடுகளில் மாற்று மருந்தை வருடக்கணக்கில் தருவார்கள். இங்கே 2002 வாக்கில் சுபுடெக்ஸ் என்ற மாற்று மருந்து வந்தது. அதையும் கரைத்து ஊசியில் ஏற்றத் தொடங்கியதால், 2006இல் ஏ பிரிவுப் போதைப்பொருளாக அறிவித்துவிட்டார்கள். அதனால் வெளிநாட்டுக் கையேடுகளில் படித்ததை இங்கே அப்படியே பின்பற்ற முடியாது. ஐஸ் என்று சொல்லப்படும் மெத்தம்ஃபெட்டமினுக்கு நிரூபிக்கப்பட்ட மாத்திரை எங்கும் இல்லை. அங்கே பேச்சுதான் மருந்து. விட்ட முதல் நாள்களில் சோர்வும் தற்கொலை எண்ணமும் கடுமையாக வரும், நெருக்கமாகச் சந்தியுங்கள்.

போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்திலிருந்து வெளியே வந்தவரிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உள்ளே இருந்த காலத்தில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவை ஒருமுறை எடுத்தாலே மூச்சு நின்றுவிடக்கூடும்.

படி 5: வாதாடாதீர்கள்

டாக்சி அண்ணன் மூன்றாவது சந்திப்பில் சொன்னார்: "நான் என்ன குடிகாரனாம்மா? உழைக்கிறேன், சம்பாதிக்கிறேன், என் காசுல குடிக்கிறேன்."

ஈரல் பரிசோதனை அறிக்கையை எடுத்து அவர் முன்னால் போட வேண்டும்போல் கை பரபரக்கும். போட்டால் அவர் இன்னும் உறுதியாகத் தன்னைத் தற்காப்பார். நான் இப்படிச் சொன்னேன்: "யாருக்கும் பாரமா இருந்ததில்லைன்னு சொல்றீங்க. அது உங்களுக்கு ரொம்ப முக்கியம்."

கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா. ஆனா பேத்தி இப்ப பக்கத்துல வர மாட்டேங்குது. தாத்தா வாசனை அடிக்குதுன்னு சொல்லுது."

"அது சொன்னப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு அண்ணே?"

அன்றைக்கு மீதி நேரம் முழுக்க அவர்தான் பேசினார். குடியை ஏன் குறைக்க வேண்டும் என்ற காரணத்தை நான் ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஏழெட்டு காரணத்தை அவரே சொன்னார்.

இதற்கு ஊக்கமூட்டும் உரையாடல் என்று பெயர். வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் நார்வேயில் ஒரு சிகிச்சை நிலையத்தில் தங்கியிருந்தபோது இது உருப்பெற்றது. 1983இல் எழுத்தில் வைத்தார். பிறகு அவர் குழு செய்த ஆய்வில் ஒன்று தெரிந்தது: ஆலோசகர் எவ்வளவு மோதினாரோ, ஒரு வருடம் கழித்தும் அந்த ஆள் அவ்வளவு அதிகமாகக் குடித்தார். நம் ஊரில் கண்டிப்புதான் அக்கறை என்று வளர்ந்தவர்களுக்கு இது செரிக்கக் கடினம். எனக்கும் வெகுநாள் ஆனது.

ஒரு சின்ன உத்தி. "விடணும்ங்கிற எண்ணம் 0 முதல் 10க்குள் எத்தனை?" என்று கேளுங்கள். அவர் 4 என்றால், "ஏன் 8 இல்லை?" என்று கேட்காதீர்கள். அதற்குச் சாக்குகள்தான் வரும். "2 இல்லாம 4 சொல்றீங்களே, அது ஏன்?" என்று கேளுங்கள்.

விரதத்தை இங்கே மறுபடி கொண்டு வாருங்கள். "மாலை போட்டப்ப 48 நாள் தொடலைன்னு சொன்னீங்களே, அந்த நாள்ல சாயங்காலம் என்ன பண்ணுவீங்க? யார் கூட இருப்பீங்க?" இந்தக் கேள்விக்கு வரும் பதிலில் அவருடைய சிகிச்சைத் திட்டம் பாதி இருக்கிறது. குளித்துவிட்டுப் பஜனைக்குப் போனது, வீட்டில் எல்லாரும் மரியாதையாக நடத்தியது, பழைய கூட்டாளிகள் தாங்களாகவே ஒதுங்கியது. கழுத்தில் மாலை இல்லாதபோது அவற்றில் எதையெல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்று அவரோடு உட்கார்ந்து யோசியுங்கள்.

படி 6: முழுக்க விடுவதா, குறைப்பதா

உடம்பு மதுவைச் சார்ந்திருந்தால், ஈரல் கெட்டிருந்தால், கர்ப்பமாக இருந்தால், முழுக்க விடச் சொல்வதே என் கருத்து. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். ஆனால் "குறைச்சுப் பார்க்கிறேன்" என்று அவர் கேட்டால் கதவைச் சாத்த மாட்டேன். நான்கு வாரம், வாரத்தில் எத்தனை நாள், நாளுக்கு எத்தனை அளவு என்று எழுதிப் போட்டு முயன்று பார்ப்போம். முடிந்தால் நல்லது. முடியாவிட்டால், முடியவில்லை என்பதை அவரே கண்டுபிடித்திருப்பார். என் வாயால் ஆயிரம் தடவை சொல்வதைவிட அதற்குப் பலம் அதிகம்.

படி 7: வாரா வாரம் என்ன செய்வது

ஒவ்வொரு சந்திப்பையும் ஒரே கேள்வியில் தொடங்குவேன்: "போன வாரம் எந்த நாள் குடிச்சீங்க, எந்த நாள் குடிக்கல?" குடிக்காத நாளைப் பற்றி அதிகம் கேளுங்கள். மற்ற பிரச்சினைகள் எவ்வளவு பெரிதாக வந்தாலும் இந்தக் கேள்வியை விடக் கூடாது. இரண்டு வாரம் விட்டால் ஆலோசகரும் மறந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு குடித்த நாளை எடுத்துச் சங்கிலிபோல் பின்னோக்கிப் போங்கள். குடித்தது இரவு 9 மணி. 8 மணிக்கு எங்கே இருந்தார்? 6 மணிக்கு யாரோடு பேசினார்? மதியம் சாப்பிட்டாரா? முக்கால்வாசி நேரம் சங்கிலியின் முதல் கண்ணி மதியத்திலேயே விழுந்திருக்கும். முதலாளி திட்டியது, சாப்பிடாமல் விட்டது, ஊரிலிருந்து பணம் கேட்டு வந்த அழைப்பு.

இடத்தையும் நேரத்தையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். சம்பள நாள், ஞாயிற்றுக்கிழமைத் தேக்கா, புளோக்குக்குக் கீழே இருக்கும் கோப்பிக்கடை மேசை. 2015 ஏப்ரல் முதல் இரவு 10.30க்குமேல் பொது இடத்தில் குடிக்கத் தடை. கடையில் வாங்கிப் போகவும் நேர வரம்பு உண்டு. லிட்டில் இந்தியாவில் வாரயிறுதிக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. இதனால் சிலர் 10 மணிக்குள் வேகவேகமாக ஊற்றிக்கொள்கிறார்கள், சிலர் வாங்கி வீட்டில் அடுக்குகிறார்கள். அவரவர் பழக்கம் எந்தப் பக்கம் என்று தெரிந்தால்தான் எந்த மணி நேரத்துக்குத் திட்டம் போடுவது என்று தெரியும்.

ஆசை எழும்பும் வேகத்தைப் பார்த்தால் முடிவே இல்லாததுபோல் தோன்றும். பெரும்பாலும் 20, 30 நிமிடத்தில் அலைபோல் தணிந்துவிடும். அந்த அரை மணி நேரத்துக்கு என்ன செய்வது என்று முன்பே பேசி வையுங்கள். டாக்சி அண்ணன் வீடு திரும்பும் வழியை மாற்றினார். கோப்பிக்கடைப் பக்கம் இருக்கும் மின்தூக்கியை விட்டு, மறுகோடி மின்தூக்கியில் ஏறினார். முதலில் சாப்பாடு, பிறகுதான் குளியல். வயிறு நிறைந்தால் பாதி ஆசை போய்விடும் என்று அவர்தான் எனக்குச் சொன்னார்.

மறுத்துப் பேசுவதை அறையிலேயே சத்தமாகப் பழகுங்கள். நான் "ஒரே ஒரு கிளாஸ் மச்சான், என்னடா பெரிய ஆளாயிட்டியா" என்று வற்புறுத்துவேன். அவர் பதில் சொல்ல வேண்டும். "மாத்திரை சாப்பிடுறேன், டாக்டர் வேணாம்னுட்டார்" என்பது எல்லா மேசையிலும் செல்லும். "விரதம்" என்றால் அடுத்த வார்த்தையே வராது. ஆனால் விரதத்துக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு என்பதால் நிரந்தரமான பதில் ஒன்றையும் சேர்த்துத் தயார் செய்யுங்கள். திருமணம், தீபாவளி, மண்டாய் தகனச்சாலையிலிருந்து திரும்பும் துக்க மாலை, பதினாறாம் நாள் காரியம் என ஒவ்வொன்றையும் நாள்காட்டியில் வட்டமிட்டு முன்கூட்டியே ஒத்திகை பாருங்கள்.

எந்தச் சிகிச்சைமுறை சிறந்தது என்று பயிற்சியாளர்கள் என்னிடம் கேட்பார்கள். அமெரிக்காவில் 1,726 பேரை வைத்து நடந்த மேட்ச் என்ற ஆய்வுத் திட்டத்தின் முடிவு 1997இல் வந்தது. சிந்தனை நடத்தை சிகிச்சை, ஊக்கமூட்டும் சிகிச்சை, குடிநோயாளிகள் குழுக்கள் பின்பற்றும் பன்னிரண்டு படி வழி மூன்றும் ஏறக்குறைய ஒரே பலன்தான் தந்தன. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த முறையை ஒழுங்காகச் செய்யுங்கள். பெயர் தெரிவிக்காத குடிநோயாளிகள் குழு போன்றவற்றுக்குப் போக விரும்புகிறவரை முதல் கூட்டத்துக்கு யாராவது ஒருவரோடு அனுப்பி வையுங்கள். வெறும் முகவரியைக் கொடுத்தால் போக மாட்டார்.

குடியை விட்டவுடன் வரும் மனச்சோர்வு பலருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே குறையும். அதற்குப் பிறகும் இருந்தால் தனி நோயாக எடுத்துச் சிகிச்சை தர வேண்டும். தற்கொலை பற்றிக் கேட்பதை மட்டும் அதுவரை தள்ளிப்போடாதீர்கள்.

படி 8: மாத்திரைகள்

நாம் எழுதித் தர முடியாது. ஆனால் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நால்ட்ரெக்சோன் குடியில் கிடைக்கும் இன்பத்தை மட்டுப்படுத்தும். ஓபியம் வகை மருந்து எடுப்பவருக்கு ஆகாது. அகாம்ப்ரோசேட் குடியை விட்ட பிறகு வரும் ஆசையைக் குறைக்கும், சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும். டைசல்பிராம் போட்டுக் குடித்தால் உடம்பு சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம்வரை அந்த விளைவு வரலாம்.

குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள் என்று தமிழில் விளம்பரம் செய்கிறார்களே, அந்தப் பொடிகளை வாங்கவே கூடாது. அதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. டைசல்பிராமை இப்படி ரகசியமாகக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. விஷயம் வெளிப்பட்ட அன்று வீட்டில் யார் கையால் சாப்பிடுவது என்ற நம்பிக்கையும் போய்விடும்.

படி 9: வீட்டார்

பல நேரம் முதலில் வருவது மனைவியோ அம்மாவோதான். குடிப்பவர் வராவிட்டாலும் அவரோடு வேலையைத் தொடங்குங்கள்.

பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவது நம் வீடுகளில் சாதாரணம். சத்தியம் உடைந்த நாளில் குற்ற உணர்ச்சி தாங்காமல் இன்னும் குடிப்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தன்னால்தான் என்று நினைப்பார். சத்தியத்தை விட்டு வேறு நான்கு காரியம் சொல்லித் தாருங்கள். குடித்திருக்கும்போது எந்த விவாதமும் வேண்டாம், காலையில் பேசலாம். குடிக்காமல் வந்த மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், அதை அவர் கவனிக்கும்படி செய்யுங்கள். அவர் வேலைக்குப் போகாத நாளில் மேலாளரைக் கூப்பிட்டு "உடம்பு சரியில்லை" என்று பொய் சொல்லாதீர்கள். வீட்டுச் செலவுக்கான பணத்தைத் தனியாக வையுங்கள்.

அடி விழுகிறதா என்று தனியாகக் கேளுங்கள், கணவர் அருகில் இல்லாதபோது. ஆம் என்றால் மற்ற எல்லாவற்றுக்கும் முன் பாதுகாப்பு. வன்முறை உதவி எண் 1800 777 0000. தனிநபர் பாதுகாப்பு உத்தரவுக்கு விண்ணப்பிக்கும் வழியையும் சொல்லுங்கள். "குடிச்சா அப்படித்தான், மற்றபடி தங்கமானவர்" என்ற பேச்சை நீங்கள் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

படி 10: சறுக்கினால்

"குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு" என்று பழமொழி சொல்லியே நாம் வளர்ந்துவிட்டோம். குடித்தவர் உள்ளுக்குள்ளும் அதே குரல்தான் ஓடுகிறது. ஒரு கிளாஸ் உள்ளே போனதும் "என் புத்தி அவ்வளவுதான்" என்று முடிவுகட்டி முழுப் போத்தலையும் முடித்துவிடுகிறார். முதல் கிளாஸைவிட அந்த நினைப்புதான் அதிகம் கெடுக்கிறது.

டாக்சி அண்ணன் 11 வாரம் தொடவில்லை. அண்ணன் முறை உறவினர் ஒருவர் இறந்த அன்று குடித்துவிட்டார். இரண்டு சந்திப்புகளுக்கு வரவில்லை. நானே கூப்பிட்டேன். "முகத்தைக் காட்ட முடியல தங்கச்சி" என்றார். வாருங்கள், அதற்காகத்தான் நான் இருக்கிறேன் என்றேன்.

வந்தபோது நான் கேட்டது இவ்வளவுதான். எத்தனை நாள் குடித்தார்? இரண்டு நாள். மூன்றாம் நாள் எப்படி நிறுத்தினார்? அதைச் சொல்லும்போது அவர் முதுகு நிமிர்ந்தது. முன்பெல்லாம் ஒரு சாவு விழுந்தால் ஒரு மாதம் ஓடுமாம். பிறகு அந்தத் துக்க நாளைச் சங்கிலியாகப் பிரித்து, அடுத்த முறை துக்க வீட்டில் யார் பக்கத்தில் நிற்பது, எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று எழுதினோம். மீண்டும் குடிக்கத் தொடங்கியவரிடம் படி 3இன் கேள்விகளையும் மறுபடி கேட்க மறக்காதீர்கள்.

எத்தனை காலம்? முதல் மூன்று மாதம் வாரம் ஒரு முறை, அடுத்த மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அப்புறம் மாதம் ஒரு முறை என்று ஒரு வருடமாவது தொடர்பில் இருங்கள். பணம் தடையாக இருந்தால் சந்திப்பை 20 நிமிடமாகச் சுருக்குங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள். உங்களால் சமாளிக்க முடியாத கட்டத்தில் நேம்ஸுக்கோ, போதை மீட்புக்கு உதவும் வீ கேர் சமூக நிலையத்துக்கோ அனுப்பும்போதும் "என்னையும் வந்து பாருங்கள்" என்று சொல்லி அனுப்புங்கள்.

வழக்கமான சந்திப்புகள் முடியும் நாளில், அடுத்த தீபாவளிக்கு முந்திய வாரத்தில் ஒரு நேரத்தை இப்போதே குறித்துக் கையில் கொடுங்கள். அந்த நாளில் அவர் வரவில்லை என்றால், மாலைக்குள் நீங்கள் கூப்பிடுங்கள்.